ஓடிய தூரமா? ஒளித்த குறையா?

ஒரு தலைமுறைக்கு முன்பு கல்லூரியில் சேர்ந்த மகன் மிதிவண்டி கேட்டான். அடுத்து வந்தவன் மோட்டார் சைக்கிள் கேட்டான். இன்றைய மகன் கார் கேட்கிறான். புதிய கார் வாங்க வசதியில்லை என்பதை அவனும் அறிவான். ஆகவே பழைய காரே போதும் என்கிறான். ஆனால் அவன் மனத்தில் இருப்பது குடும்பத்தை அமைதியாக ஏற்றிச் செல்லும் சிறிய கார் அன்று. ஒரு காலத்தில் வேகத்துக்குப் பெயர் பெற்று, செல்வந்தர் வீட்டு வாசலில் நின்று, ஒன்றரை இலட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்து, இன்று விலை சரிந்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் செடான். "இவ்வளவு பெரிய கார் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே!" என்பதே அவனுடைய வாதம்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1929ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. லால்பேட்டையிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் கடலூர் செம்மண்டலத்திலிருந்தும் படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்குச் சொந்த வாகனம் என்பது வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில், உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் தங்கையைத் தேர்வுக்குக் கொண்டுவிடவும் கார் ஓட்டத் தெரிந்த மகனே துணை. ஆகவே "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடிப்பதைவிட, எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதைக் கண்டால் திரும்பிவிட வேண்டும் என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அறிந்துகொள்வதே நலம்.

எந்தக் கார்கள் இவை?

நம் நாட்டில் இந்த ஆசையைத் தூண்டிய கார்கள் சிலவே. ஹோண்டா சிட்டி 1998இல் இந்தியாவுக்கு வந்தது. அதில் 2000ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 1.5 லிட்டர் விடெக் என்ஜின் 106 குதிரைத்திறன் கொண்டது. அந்த வடிவம் 2003இல் நிறுத்தப்பட்டது. எனினும் இளைஞர்கள் இன்றும் அதைத் தேடி அலைகிறார்கள். 2004இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 லிட்டர் டர்போ என்ஜினுடன் 150 குதிரைத்திறன் தந்தது. 2006இல் வந்த ஹோண்டா சிவிக், 2010இல் வந்த ஃபியட் லீனியா டி-ஜெட் ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

இவற்றின் விலை சரிந்ததற்குக் காரணம் தெளிவானது. கார் பழையதாகும்போது அதன் சந்தை விலை குறைகிறது. அதன் உதிரிப் பாகங்களின் விலை குறைவதில்லை. பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற காரை இரண்டு இலட்சத்துக்கு வாங்கலாம். ஆனால் அதன் டர்போவோ, கியர் பெட்டியோ, ஏ.சி. கம்ப்ரஸரோ பழுதானால், பத்து இலட்சம் ரூபாய்க் காருக்குரிய செலவையே செய்ய வேண்டும். மாணவன் வாங்கும் விலையைப் பார்க்கிறான். வைத்திருக்கும் விலையைப் பார்ப்பதில்லை. துன்பம் தொடங்கும் இடம் இதுவே.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

"ஒன்றரை இலட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டதே!" என்று கேட்டவுடன் பெரியவர்கள் பின்வாங்குகிறார்கள். உண்மையில் ஓடிய தூரம் மட்டுமே ஒரு காரின் உடல்நலத்தைச் சொல்லிவிடாது. என்ஜின் மிகுதியாகத் தேய்வது அது குளிர்ந்த நிலையில் புறப்படும்போதுதான். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில், உரிய காலத்தில் எண்ணெய் மாற்றப்பட்டு ஓடிய ஒன்றரை இலட்சம் கிலோமீட்டர், கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக நாளுக்குப் பத்து முறை நிறுத்திக் கிளப்பிய அறுபதாயிரம் கிலோமீட்டரைவிட என்ஜினுக்கு இலகுவானது.

நம் பகுதியில் இதற்கு மற்றொரு முகமும் உண்டு. சபராளி விடுமுறையில் வரும்போது மட்டும் ஓடி, மற்ற நாளெல்லாம் உறை போர்த்தி நிற்கும் கார்கள் கடற்கரை ஊர்களில் பல. மீட்டர் முப்பதாயிரம் என்று காட்டும். ஆனால் உப்புக்காற்றில் நின்றே அடித்தகடு துருப்பிடித்திருக்கும்; ரப்பர் சீல்கள் உலர்ந்து வெடித்திருக்கும்; எலி வயர்களைக் கடித்திருக்கும்; டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தும் உள்ளுக்குள் கெட்டிப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

அடுத்து, மீட்டரே உண்மை பேசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மின்னணு மீட்டரைக் குறைத்துக் காட்டுவது இன்று கடினமான வேலை அன்று. சொந்த உபயோகக் கார் ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அளவில் ஓடும் என்பது பொதுவான கணக்கு. பன்னிரண்டு ஆண்டுக் கார் நாற்பதாயிரம் காட்டினால் காரணம் கேளுங்கள். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறதா, ஸ்டியரிங் வளையம் பளபளக்கிறதா, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரைத் திருப்பியவர் இவற்றைத் திருப்பியிருக்கமாட்டார். மேலும், கம்பெனி சர்வீஸ் நிலையங்களில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரைக் குறித்து வைக்கிறார்கள். அந்த ரசீதுகளை வரிசையாக அடுக்கினால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

ரசீதுகளுடன் வரும் இலட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர்க் காரையும், ரசீதே இல்லாத ஐம்பதாயிரம் கிலோமீட்டர்க் காரையும் அருகருகே நிறுத்தினால், முன்னதையே தேர்ந்தெடுங்கள். ஓடிய தூரம் தெரிந்த குறை. அதற்கு விலை போட்டுக் கழித்துக்கொள்ளலாம். ஒளித்த குறைக்கு யாரும் விலை போட முடியாது.

நனைந்த தானியமும் நனைந்த காரும்

கடலூர் மாவட்டம் வெள்ளத்தை நன்கறிந்த மாவட்டம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல். 2015இன் இறுதியில் பெருவெள்ளம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையாற்றில் வந்த வெள்ளமும். சென்னையும் 2015இலும் 2023இலும் மூழ்கியது. அப்போது நீரில் நின்ற கார்களுள் ஒரு பகுதி கழுவி, உலர்த்தி, மணம் தெளித்து மீண்டும் சந்தைக்கு வருகிறது. வெள்ளத்தில் நின்ற காரின் கேடு உடனே தெரியாது. வயர் இணைப்புகளிலும் கணினிப் பெட்டியிலும் ஏறிய ஈரம் பல மாதங்கள் கழித்தே தன் வேலையைக் காட்டும். காற்றுப்பை விரிய வேண்டிய தருணத்தில் விரியாமலும் போகலாம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் உள்ளன. சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை படிந்திருக்கும். டிக்கியில் மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி, அதன் குழியில் வண்டலோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். தரை விரிப்பை உயர்த்தி இருக்கையின் அடிக் கம்பிகளைத் தடவுங்கள். விளக்குக் கண்ணாடிக்குள் நீராவி படிந்த தடத்தைத் தேடுங்கள். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் உள்ளே அமர்ந்தால் பூஞ்சை வாடை தன்னை அறிவித்துவிடும்.

மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே பரப்பி வைத்திருந்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் கேட்டிருக்கிறோம். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் காட்டிய வழி. வெள்ளத்தில் நின்ற காருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு உண்டா? இது வாங்குபவருக்கு மட்டும் உரியதன்று. நாளை நம் பிள்ளை அந்தக் காரை விற்கும் நாள் வரும்போது, அதன் குறையைத் தானே முன்வந்து சொல்ல வேண்டும் என்பதும் இதில் அடக்கம்.

பார்க்கப் போகும் நாளில்

காரைப் பார்க்கக் காலையிலேயே செல்லுங்கள். "என்ஜினைக் கிளப்பி வைக்க வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பச் சிரமப்படும் காரை முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கக் கூடும். புகைக்குழாயில் நீலப்புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் எண்ணெயை எரிக்கிறது. என்ஜின் சூடான பிறகும் வெண்புகை அடர்ந்து வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடைபோல் படிந்திருந்தாலும் அதே ஐயம்தான். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

வேகமான கார்களுக்கென்றே தனிக் கேள்விகள் சில உண்டு. பழைய சிட்டி விடெக், ஆக்டேவியா ஆர்எஸ் ஆகிய இரண்டிலும் டைமிங் பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜினே பாழாகிவிடும். ஆகவே அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். டர்போ என்பது புகைக்காற்றின் விசையால் நிமிடத்துக்கு இலட்சம் முறைக்கு மேல் சுழலும் சிறு சக்கரம். தூய எண்ணெய்தான் அதன் உயிர். எண்ணெய் மாற்றுவதில் அலட்சியம் காட்டியவரின் டர்போக் காரை மாணவன் தொடவே கூடாது.

இன்னொரு செய்தியையும் கவனத்தில் கொள்ள வேண்டும். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. அதற்குமுன் வடிவமைக்கப்பட்ட பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சோதிப்பது அவசியம். விற்பவரின் மெக்கானிக்கை நம்பாமல், உங்களுக்கு அறிமுகமான ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சில நூறு ரூபாய் பல ஆயிரங்களைக் காக்கும்.

பாதுகாப்பையும் மறந்துவிடலாகாது. ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநருக்கான காற்றுப்பையும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது 2019இல்தான். அதற்கு முந்தைய கார்களுள் பலவற்றில் இவை இல்லை. என்ஜின் 100 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது என்றால், அதை நிறுத்தும் பிரேக்கும் டயரும் அதற்கு ஈடானவையாக இருக்க வேண்டும். கடலூர்–சிதம்பரம் நான்குவழிச் சாலையில் வேகம் எடுப்பதற்கு என்ஜின் போதும். குறுக்கே ஆடு வந்தால் நிற்பதற்குப் பிரேக் வேண்டும்.

புதுவைப் பதிவெண்ணின் கவர்ச்சி

கடலூரிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் புதுவை எல்லை வந்துவிடுகிறது. அங்கே வாகன வரி குறைவு என்பதால், பிஒய் எனத் தொடங்கும் பதிவெண் கொண்ட பெரிய கார்கள் மிகுதி. விலையும் மலிவாகத் தோன்றும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற்றாக வேண்டும். அதற்குப் புதுவை அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். அங்கே குறைந்ததுபோல் தோன்றிய விலை இங்கே வரியாக வந்து நிற்கும்.

புதுவையில் வசிக்காமலே அங்கே முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் கேரளத்தில் பெரிதாக வெடித்ததைப் பலர் அறிவர். "எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்ற சமாதானத்தை நம்பி மாணவன் சிக்கலில் மாட்டக் கூடாது. விலை பேசுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரித் தொகையைக் கேட்டறிந்து, அதை விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பெயர் மாறாத கார் பிறர் சொத்து

பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிட்டால் கார் நம்முடையது என்று எண்ணுவது பெரும் தவறு. சட்டம் பதிவேட்டைத்தான் பார்க்கிறது. படிவம் 29, 30 ஆகியவற்றில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அதே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை என்றால் விற்பவர் 14 நாட்களிலும் வாங்குபவர் 30 நாட்களிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுச் சான்றில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், படிவம் 35உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வருமுன் ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்க வேண்டாம். பரிவாகன் இணையச் சேவையில் பதிவெண்ணைக் கொடுத்தால் பதிவு முடியும் நாள், காப்பீடு, நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம்.

விற்பவருக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. பல கை மாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. காரை விற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், யாரோ ஒருவரின் வேகத்துக்கு நாம் ஈடு கட்ட நேரும் என்பதே இதன் பொருள்.

பழைய கார் வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வியாபாரியிடம் வாங்குவதானால் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முன்னவர் ஈட்டிய 'நோ கிளெய்ம்' சலுகை அவருக்கே உரியது. அது காரோடு வராது.

கையிருப்பைப் பங்கிடும் முறை

மாணவனின் கையில் மூன்று இலட்சம் இருக்கிறது என்று கொள்வோம். மூன்று இலட்சத்துக்கும் கார் பார்ப்பவன் முதல் மாதத்திலேயே கடன்காரன் ஆகிறான். இரண்டு இலட்சத்துக்கு மேல் போகாத காரைப் பார்த்து, எஞ்சிய ஓர் இலட்சத்தை ஒதுக்கி வைப்பதே விவேகம். பெயர் மாற்றம், காப்பீடு, டைமிங் பெல்ட், எண்ணெய்கள், நான்கு டயர், பாட்டரி, பிரேக் என்று முதல் மாதமே அதில் பெரும் பகுதியைக் கேட்கும். மிச்சம் இருந்தால் அது அடுத்த பழுதுக்கு.

காப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், 1500 சி.சி.யைத் தாண்டினால் 7,897 ரூபாய். சிட்டி விடெக் முதல் வகுப்பில் அடங்கும். சிவிக்கும் ஆக்டேவியாவும் இரண்டாம் வகுப்பு. பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி.

எரிபொருளையும் கணக்கிடுங்கள். லிட்டர் நூறு ரூபாய், லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வைத்தால், மாதம் 600 கிலோமீட்டருக்கு 5,000 ரூபாய். இந்தத் தொகை மாதந்தோறும் யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்பதை மகன் தன் கையால் எழுதிப் பார்க்கட்டும். பழைய காருக்குக் கிடைக்கும் கடனுக்குப் பொதுவாகப் புதிய காரைவிட வட்டி கூடுதல். நாமோ வட்டியின் வாசலையே மிதிக்க வேண்டாம் என்று கற்பிக்கப்பட்டவர்கள். உம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கும் வேகம், அந்த நகை மீளும்வரை வீட்டில் யாருக்கும் நிம்மதி தராது.

சாவி யார் கையில்?

வாங்கியபின் வரும் பொறுப்பு ஒன்று. பதினெட்டு வயது நிறையாத தம்பி "ஒரே ஒரு சுற்று" என்று கேட்பான். 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி, சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வாகனப் பதிவும் ஓராண்டுக்கு இரத்தாகும். எனவே சாவி இருக்கும் இடத்தை வீட்டில் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

பெற்றோரே, மகனின் ஆசையைக் கேலி செய்யாதீர்கள். ஒரு இயந்திரத்தை விரும்பி, அதன் உள்ளுறுப்புகளைக் கற்று, அதைப் பழுது பார்த்துப் பேணும் பிள்ளை நற்பண்புகள் பலவற்றைக் கூடவே கற்றுக்கொள்கிறான். மாணவச் செல்வங்களே, விற்பவர் அவசரப்படுத்தினால் நீங்கள் நிதானியுங்கள். ரசீது இல்லை, பெயர் மாற்றம் பிறகு பார்க்கலாம், மெக்கானிக் எதற்கு என்ற மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பேருந்தும் இரயிலும் நாள் முழுதும் ஓடுகின்றன. நல்ல கார் கிடைக்கும்வரை அவற்றில் போய்ப் படிப்பதில் குறைவொன்றும் இல்லை. பொறுத்துத் தேடுபவருக்குக் குறையை மறைக்காத விற்பனையாளர் ஒருவர், இன்ஷா அல்லாஹ், கிடைக்கத்தான் செய்வார்.